நடுத்தெருவில் சுரந்த பால்

வடிவு பெற்ற பிள்ளை அழுதபோதெல்லாம் வடிவுக்குச் சுரக்கவேண்டிய பால் நடுத்தெருவில் வேறு வேறு பெண்களுக்குச் சுரந்தது என்று வேம்பன்குறிச்சியில் போய்ச் சொன்னால் அங்கே யாரும் வாயைப் பிளக்கமாட்டார்கள். ஆமா, அந்த வருசம்தான் குளத்து மடை உடைஞ்சுது, அந்த வருசம்தான் சப்பரத்துக் கால் முறிஞ்சுது என்று கூட ரெண்டு சங்கதியைச் சேர்த்துச் சொல்லிவிட்டு, மடியில் இருக்கிற தட்டிலிருந்து இலையை எடுத்து, தூளை வைத்து, நூலைச் சுற்றி, பீடியை முடிந்துகொண்டே இருப்பார்கள். மழை பெய்தது, வெயில் அடித்தது என்பதுபோல அதுவும் அந்த ஊரில் நடந்த ஒன்று. நடக்கவிட்டவள் பேச்சியம்மன். அவளுக்குத் தெரியாமல் ஒரு பிள்ளை அழுதது உண்டா, ஒரு மார் சுரந்தது உண்டா?

வடிவு தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். கட்டிக்கொடுத்தது கடையத்துப் பக்கம். புருசன் முத்தரசு லாரிப் பட்டறையில் வேலை, அதிர்ந்து பேசாதவன். வடிவின் அப்பா அவள் சின்னப்பிள்ளையாக இருக்கும்போதே பாம்பு கடித்துப் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா உலகம்மாள் பீடி சுற்றித்தான் மகளை ஆளாக்கினாள் என்றாலும், அவளைக் கேட்டால் அப்படிச் சொல்லமாட்டாள். "எங்க கொழுந்தனார் இல்லைன்னா நாங்க என்னைக்கோ மண்ணோட மண்ணு" என்றுதான் சொல்லுவாள்.

கொழுந்தனார் என்பது ஆவுடையப்பன். ஊரில் எல்லாருக்கும் அவர் கடைக்கார அண்ணாச்சி. பீடிக்கடை அவருடையது, இலையும் தூளும் அங்கேதான் வாங்கவேண்டும், சுற்றிய பீடியை அங்கேதான் கொண்டுபோய்ப் போடவேண்டும். குடிக்கமாட்டார், வெற்றிலைகூடப் போடமாட்டார், வெள்ளிக்கிழமை தவறாமல் பேச்சிகோயிலுக்கு விளக்கெண்ணெய் கொடுப்பார். அண்ணன் செத்தபிறகு அண்ணன் குடும்பத்துக்கு அரிசி பருப்பு அனுப்பிய புண்ணியவான் என்று சொல்லிச் சொல்லி ஊருக்கு அது பாடமாகிவிட்டது.

அந்தக் கடையின் பின்னால் இலைமூடை அடுக்குகிற அறை ஒன்று உண்டு. வடிவு பாவாடை சட்டை போட்ட காலத்தில் அம்மா சுற்றிய பீடியைச் சாயங்காலம் அவள்தான் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருவாள். அந்த அறையில் அவளுக்கு நடந்ததைச் சொல்ல இந்தக் கதைக்கு வாய் கூசுகிறது. சொல்லாமலே உங்களுக்குப் புரியும். ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். அங்கே அவள் ஒரு வித்தை படித்துக்கொண்டாள். உடம்பை அங்கேயே, அந்த இலைமூடைப் பக்கத்திலேயே போட்டுவிட்டு, கூரையில் ஓடு விலகின சந்து வழியாகத் தெரிகிற துண்டு ஆகாயத்துக்குப் போய்விடுவது. எல்லாம் முடிந்தபிறகு இறங்கிவந்து உடம்பை எடுத்து மாட்டிக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல வீட்டுக்கு நடப்பது. பெரியவள் ஆனபிறகு கடைக்குப் போவது நின்றது; வித்தை மட்டும் நிற்கவில்லை.

பெரியாஸ்பத்திரியில் பெண்பிள்ளை பிறந்தது. கருகருவென்று முடி, மூக்கு மட்டும் முத்தரசு மூக்கு. நர்சம்மா பிள்ளையை வடிவின் நெஞ்சில் போட்டு, வாயை எடுத்து மாரில் பொருத்தினாள். பால் வந்தது. வந்த அந்த நேரமே வடிவு கிளம்பிவிட்டாள்; மேலே சுற்றுகிற காற்றாடிக்கு அப்பால் எங்கேயோ போய் நின்றுகொண்டு, கீழே யாரோ ஒருத்தி மாரில் யாருடைய வாயோ இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உடம்பெல்லாம் புல்லரித்துக் குளிர்ந்தது.

"ஏம்மா, அங்க மேல என்ன எழுதியா ஒட்டிருக்கு? பிள்ளையப் பாரு, பிள்ளையப் பாத்தாதான் பால் ஊறும்" என்றாள் நர்சம்மா.

வடிவு பார்த்தாள். பிள்ளை அழகாய்த்தான் இருந்தது. அதன்மேல் அவளுக்கு உயிராய்த்தான் இருந்தது. பேச்சியம்மா, எனக்கு இவள் வேணும், இவ வாய் மட்டும் ஏன் தாயே எனக்கு இப்படி இருக்கு என்று உள்ளுக்குள் கேட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தாள். கொடுத்து முடிந்ததும் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினாள். அப்படியாக ஆஸ்பத்திரி நாட்கள் போயின.

வீட்டுக்கு வந்த அன்றைக்குத்தான் அந்தத் தப்பு நடந்தது.

அந்தப் பக்கத்தில் பிள்ளைக்குச் சேனை வைப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. நல்ல குணம் உள்ள ஒருத்தர் சீனித்தண்ணியைத் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் வைக்கவேண்டும். யார் சேனை வைத்தார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும். அதனால் ஆள் பார்த்துத்தான் வைப்பார்கள். அடம்பிடிக்கிற பிள்ளையைப் பார்த்து, இதுக்கு எவன் சேனை வச்சான் என்று கேட்பது அங்கே சாதாரணம். வேம்பன்குறிச்சியில் பாதிப் பிள்ளைகளுக்குக் கடைக்கார அண்ணாச்சிதான் சேனை.

"தாய்ப்பாலத் தவிர ஒரு சொட்டுக் குடுக்கக்கூடாதுன்னு நர்சம்மா சொல்லிருக்காவளே" என்று வடிவு மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

"அவ சொல்லுவா. அவளுக்கு எவன் சேனை வச்சானோ" என்றாள் உலகம்மாள். "ஒரு சொட்டு சீனித்தண்ணில என்ன கொள்ளை போயிரும்?"

அண்ணாச்சி குளித்து, திருநீறு பூசி, வெள்ளை வேட்டியில் வந்தார். கையைக் கழுவினார். விரலைத் தண்ணியில் முக்கினார். அந்த விரலை வடிவு பார்த்தாள். அதன் நகத்தை, நகத்தின் ஓரத்திலே இருந்த பழைய வெட்டுத் தழும்பை. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. விரல் பிள்ளையின் வாய்க்குள் போனது, அறியாப்பிள்ளை சப்புக்கொட்டியது, எல்லாரும் சிரித்தார்கள்.

அந்த நேரத்தில் வடிவின் மாரிலிருந்து பால் ஏறிப்போய்விட்டது. பிடிக்காத கை பட்டால் பசு பாலை மேலே இழுத்துக்கொள்ளுமே, அப்படி. பிள்ளை பசித்து அழுதது, வடிவு எடுத்து வைத்தாள், ஒன்றும் இல்லை. பிள்ளை வீறிட்டது. அதே நேரம் எதிர்வீட்டு வாசலில் பீடி சுற்றிக்கொண்டிருந்த செல்லக்கனி, பேரன் கல்லூரிக்குப் போகிற வயசுக்காரி, தன் தட்டில் இருந்த இலை நனைவதைப் பார்த்து, மழையா என்று மேலே பார்த்தாள். வானம் வெறிச்சென்று கிடந்தது. குனிந்து பார்த்தால் சேலை முந்தி நனைந்திருந்தது.

"ஏட்டி, இங்க வாயேன்" என்று பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டாள். "இத மோந்து பாத்துச் சொல்லு, இது என்னதுன்னு."

"பாலு மாதிரில்லா இருக்கு."

"மாதிரி என்னட்டி மாதிரி, பாலேதான். கிணறு தூந்து எத்தன வருசமாச்சு, இப்ப வந்து ஊத்து தொறக்கு."

செல்லக்கனியின் புருசன் கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்து, "இவளுக்குப் பால் ஊறுதுன்னா எனக்கு நாளைக்குப் பல்லு மொளைக்கும், ரெண்டு கரும்பு வாங்கிப் போட்டு வையுங்க" என்றார். அவருக்குப் பல் முளைக்கவில்லை. ஆனால் செல்லக்கனி எழுந்து தெருவைத் தாண்டிப் போய், உலகம்மாள் கையிலிருந்த பிள்ளையை வாங்கி மாரில் வைத்தாள். பிள்ளை மடக் மடக்கென்று குடித்தது, குடித்து ஏப்பம் விட்டது.

மறுபடி பிள்ளை அழுதபோது பால்வாடியில் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த சரோஜினி டீச்சருக்குச் சுரந்தது. டீச்சர் கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவள். பாட்டைப் பாதியில் நிறுத்தி, குடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஊர் வாயை மூட முடியுமா? ஒரு பொழுது முழுக்க டீச்சரைப் பற்றிப் பேசியது. ஆனால் அடுத்த பொழுதில் மேலவீட்டு மருமகளுக்கு, அதற்கடுத்து தண்ணித்தொட்டிப் பக்கத்து விதவைக்கு, பிறகு கோயில் வாசல் தெளிக்கிற பெண்ணுக்கு என்று சுரக்க ஆரம்பித்தபிறகு, ஒருத்தி ஒழுக்கத்தைப் பேசினால் ஒன்பது பேர் ஒழுக்கத்தைப் பேசவேண்டிவரும் என்பதால், ஊர் அதைப் பேச்சியம்மன் அருள் என்று முடிவு பண்ணிப் பொங்கல் வைத்தது.

அருள் என்று ஆனபிறகு எல்லாம் சுளுவாகிவிட்டது. அழுகைச் சத்தம் கேட்டதும் யாருக்கு நனைகிறதோ அவள் தட்டை இறக்கிவைத்துவிட்டு வரவேண்டும் என்று ஏற்பாடு. ஆம்பிளைகள் நடுத்தெருவுக்குள் நுழையும்போது இருமிக்கொண்டு வரவேண்டும் என்று ஏற்பாடு. இருமல் வராதவர்கள் சைக்கிள் மணியை அடித்தார்கள். பிள்ளை இடுப்பு மாறி இடுப்பு, வீடு மாறி வீடு போய், ஒரு வீட்டில் குடித்து இன்னொரு வீட்டில் தூங்கி, தெருவுக்கே பிள்ளையாய்த் தேறிக்கொண்டு வந்தது. தடுப்பூசி போட வந்த நர்சம்மா எடையைப் பார்த்துவிட்டு, "ஏதோ ஹார்மோன் கோளாறா இருக்கும்" என்றாள். கோளாறு எத்தனை பேருக்கு என்று கேட்டுத் தெரிந்ததும், பேசாமல் ஒரு வாய் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

கடைக்கார அண்ணாச்சிக்கு மட்டும் அது ஒத்துவரவில்லை. இலையில் பால் வாடை அடிக்கிறது என்று கட்டுக் கட்டாய்க் கழித்துப் போட்டார். அப்படியும் அவர் மூக்குக்குத் தப்பிப்போன பீடி உண்டு. அதைப் பற்றவைத்த லாரி டிரைவர்கள் நடுவழியில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டு, சாப்பிட்டியாம்மா என்று கேட்டார்களாம். இது முத்தரசு பட்டறையில் கேட்டுவந்து சொன்னது.

யார் யாருக்குச் சுரக்கிறது, ஏன் அவர்களுக்கு மட்டும் என்று ஊர் யோசிக்காமல் இல்லை. தெற்குக் குழாய்த் தண்ணி குடிக்கிறவர்களுக்கு என்றார்கள். வடக்குக் குழாய்க்காரிக்குச் சுரந்தது. கோயில் கொடைக்கு விரதம் இருந்தவர்களுக்கு என்றார்கள். விரதமே இருக்காதவளுக்குச் சுரந்தது. உலகம்மாளுக்குத்தான் ஆற்றாமை. "பெத்தவளப் பெத்த எனக்கு இல்லாத பாலு, ஊர்ல உள்ளவளுக்கெல்லாம் ஊறுது. நான் என்ன பாவம் செஞ்சேன்?" என்று பேச்சி முன்னால் நின்று கேட்டாள்.

வடிவைப் பற்றி யாரும் அதிகம் யோசிக்கவில்லை. பூண்டு உரித்துக் கொடுத்தார்கள், பால்சுறாப் புட்டு அவித்துக் கொடுத்தார்கள், முருங்கைக்கீரையைத் தினமும் கொண்டுவந்து போட்டார்கள். எல்லாவற்றையும் தின்றாள். பிள்ளையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தால் மாரில் வைப்பாள், பிள்ளை வாயைத் திறப்பதற்குள் அவள் ஆகாயத்தில் நின்றுகொண்டிருப்பாள், பிள்ளை வெறும் தோலைச் சப்பிவிட்டு அழும். "பெத்த மனசு இப்படியா கல்லாக் கெடக்கும்" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அடுத்த வீட்டில் பிள்ளை வேறு ஒருத்தியிடம் குடிக்கிற சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும். வடிவு சுவரில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. தன் பிள்ளையைத் தான் அணைக்கும்போது, தான் அங்கே இருக்கவேண்டும். அவ்வளவுதான். அதை யாரிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

மாமியார் பிச்சம்மாள் பேத்தியைப் பார்க்கப் பலகாரப் பானையோடு வந்தாள். வாசலில் நுழையும்போதே தொடங்கிவிட்டாள்.

"சம்பந்தியம்மா, எங்க கேட்டாலும் இதே பேச்சுதான். பஸ்ல கண்டக்டர்கூடக் கேக்கான். எங்க குடும்பத்துல ஒருத்திக்கும் பால் வத்துன சரித்திரம் கிடையாது. நாங்க பொண்ணெடுத்தமா, மலட்டு மாட்ட ஓட்டிட்டு வந்தமான்னு..."

உலகம்மாள் மடியில் கிடந்த பிள்ளை அழுதது. பிச்சம்மாள் பேச்சு அந்த இடத்திலேயே நின்றது. குனிந்து தன் சேலையைப் பார்த்தாள். நிமிர்ந்து மருமகளைப் பார்த்தாள். பலகாரப் பானையை இறக்கிவைத்துவிட்டு, சுவரோரமாக உட்கார்ந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

உலகம்மாள் காப்பி போட அடுப்படிக்குப் போனபிறகு, பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்: "அப்ப நான் பாவாடை கெட்டுன பிள்ள. எங்க தாய்மாமன். ஒருத்தர்ட்டயும் சொன்னதில்ல. உங்க மாமாவுக்குக்கூடத் தெரியாது."

வடிவு அவள் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

"எம் மவனுக்கு நான் பால் குடுத்தேன்னு ஊரெல்லாம் பெருமையாச் சொல்லுவேன்லா? கண்ண மூடிக்கிட்டுக் குடுத்தேன். அவன் மூஞ்சியப் பாத்ததே இல்ல." குனிந்து பேத்தியின் முகத்தைப் பார்த்தாள். "உனக்கு ஆருட்டி?"

வடிவு வாயைத் திறந்தாள். சேனை வைத்த அன்று போலவே சத்தம் வரவில்லை.

"சொல்லவேண்டாம். வரும்போது வரட்டும். மலட்டு மாடுன்னு சொன்னேம் பாரு, அதுக்கு என் வாய்ல பெருக்குமாத்த வைக்கணும்."

அதன்பிறகுதான் வடிவு பார்க்க ஆரம்பித்தாள். பிள்ளையை வாங்க வருகிற ஒவ்வொருத்தி முகத்தையும் பார்த்தாள். செல்லக்கனி நாலு பீடிக்கு ஒரு சிரிப்பு சிரிக்கிறவள். பிள்ளை குடிக்கும்போது மட்டும் அவள் கண் எங்கேயோ போய்விடும், பிறகு திரும்பி வரும். டீச்சர் பிள்ளையின் பாதத்தை விரலால் பிடித்துக்கொண்டே இருப்பாள், ஆற்றோடு போகாமல் இருக்கக் கரையில் நாணலைப் பிடிப்பதுபோல. அவர்கள் எல்லாருக்கும் அந்த ஆகாயம் தெரியும். ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு ஊர், ஒவ்வொரு வீடு, ஒவ்வொரு ஆள். வந்து சேர்ந்த இடம் மட்டும் ஒன்று. இத்தனை வருசமும் ஒரே தெருவில் ஒரே நிழலில் உட்கார்ந்து பீடி சுற்றியிருக்கிறார்கள், ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொண்டதில்லை. இப்போதும் சொல்லவில்லை. ஆனால் வடிவு பார்க்கிறாள் என்று தெரிந்ததும் செல்லக்கனி அவள் தோளில் கை வைத்து, "தெரியுதுலா?" என்றாள். "தெரியுது சித்தி" என்றாள் வடிவு. அதோடு சரி.

பிள்ளையைத் தொட்டிலில் போட்டு இடுப்புக் கயிறு கட்டுகிற நாள் வந்தது.

"அம்மா, கயிறு கெட்ட வேற ஆளக் கூப்பிடுவமா?" என்று முந்தினநாள் வடிவு கேட்டாள்.

"சேனை வச்ச கைதான் கயிறும் கெட்டணும். இது என்ன புதுப் பழக்கம்?"

"எனக்கு அவுகளப் பிடிக்கலம்மா."

உலகம்மாள் கையில் பீடி இலை நறுக்கிக்கொண்டிருந்த கத்தரிக்கோல் நின்றது. பிறகு மறுபடி நறுக்க ஆரம்பித்தது. "வளத்த கையக் கடிக்காத" என்றாள், மகளைப் பார்க்காமல்.

காலையிலே வீடு நிறைந்துவிட்டது. முத்தரசு பழத்தட்டோடு நின்றான். பிச்சம்மாள் தொட்டிலுக்குப் பூச் சுற்றினாள். பால் சுரந்த பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள், பிள்ளை அவர்களுடையதும் அல்லவா. ஆவுடையப்பன் நடுவில் பாயில் உட்கார்ந்து, மடியைத் தட்டி, "கொண்டாட்டி எம் பேத்திய" என்றார்.

வடிவு பிள்ளையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். நகரவில்லை.

"என்ன, தாத்தாட்டக் குடுக்க இவ்வளவு யோசனையா? சேனை வச்சது நானாக்கும். என் குணம்தான் இவளுக்கு" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பைக் கேட்டதும் வடிவின் கால் தரையை விட்டுக் கிளம்பப் பார்த்தது. மேலே போ, மேலே போ என்று உடம்பு பழக்கத்தில் சொன்னது. ஆனால் இந்தத் தடவை உடம்பைப் போட்டுவிட்டுப் போனால், உடம்போடு பிள்ளையையும் போட்டுவிட்டுப் போகவேண்டும். பேச்சியம்மா, என்னைக் கீழே பிடி என்றாள். பிடித்தாள் அம்மன்; பாதம் சாணி மெழுகிய தரையின் குளிர்ச்சியை உணர்ந்தது.

"குடுக்கமாட்டேன்" என்றாள்.

"ஏன்?"

"நான் கடைக்குப் பீடி கொண்டுவந்த காலத்துல, அந்த இலை அறையில வச்சு என்னை என்ன செஞ்சீருன்னு உமக்குத் தெரியும். எம் பிள்ள மேல உம்ம கை இனிமேப் படாது."

ஆவுடையப்பன் உலகம்மாளைப் பார்த்து, "பேறுகாலக் கோட்டி பிடிச்சிருக்கு மதினி. பூசாரியக் கூட்டிட்டு வந்து திருநீறு போடச் சொல்லுங்க" என்றார், பைத்தியத்துக்கு இரங்குகிற குரலில்.

அப்போது பிள்ளை அழுதது. இதுவரை ஒரு நேரத்துக்கு ஒருத்தி என்று சுரந்த பால், அன்றைக்கு எல்லாருக்கும் சேர்ந்து சுரந்தது. செல்லக்கனிக்குச் சுரந்தது, டீச்சருக்குச் சுரந்தது, பிச்சம்மாளுக்குச் சுரந்தது, இதுவரை சுரக்காதவர்கள் என்று ஊர் நினைத்தவர்களுக்கும், மடித்த துண்டை நெஞ்சில் வைத்து இத்தனை நாளும் மறைத்துவந்தவர்களுக்கும் சுரந்தது. யார் யார் என்று இந்தக் கதை பேர் சொல்லாது. ஒருத்தியும் முந்தானையை இழுத்து மூடவில்லை. நனைந்த சேலையோடு எழுந்தார்கள், வந்தார்கள், வடிவுக்கும் அந்தப் பாய்க்கும் நடுவில் வரிசையாய் நின்றார்கள். முத்தரசு பழத்தட்டைக் கீழே வைத்துவிட்டு, எதுவும் கேட்காமல், அந்த வரிசையின் கடைசியில் போய் நின்றான்.

உலகம்மாள் ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். எது அருள், எது காயம் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. நடந்துபோய், கொழுந்தனார் கையில் இருந்த கறுப்புக் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டாள்.

"எழும்பும்" என்றாள்.

"யாரு போட்ட சோத்துல வளந்தீய? மறந்துட்டா?"

"சோறு தின்னது நான். எங்கிட்டல்லா வசூல் பண்ணிருக்கணும். எம் பிள்ளைட்டயா பண்ணுனீரு? எழும்பி வெளிய போம்."

அவர் எழுந்து போனார். வாசலில் செருப்பை மாட்டும்போது ஒருத்தரும் அண்ணாச்சி என்று சொல்லவில்லை. அதன்பிறகு பெண்கள் இலை வாங்க அடுத்த ஊருக்கு நடந்தார்கள். வடிவு முத்தரசோடும் செல்லக்கனியோடும் டவுனில் மகளிர் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக்கொடுத்தாள். கேஸ் நடக்கிறது, வாய்தா வாய்தாவாக. அது தனிக் கதை.

எல்லாரும் போனபிறகு உலகம்மாள் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எனக்குத் தெரியாதுன்னு சொல்லமாட்டேன் மக்ளே. கடைக்குப் போவமாட்டேன்னு நீ கதவு நிலையப் பிடிச்சிக்கிட்டு நின்ன. நான்தான் உன் விரல ஒவ்வொண்ணாப் பிரிச்சு விட்டேன். ஏன்னு கேட்டாத் தெரிஞ்சிருமேன்னு கேக்காம இருந்தேன்." மன்னித்தேன் என்று சொல்ல அன்றைக்கு வடிவுக்கு மனசு வரவில்லை. எழுந்துபோகவும் இல்லை. அம்மாவும் கேட்கவில்லை. அவள் சோறு பிசைந்து கொடுத்தாள், இவள் தின்றாள்.

உண்மையைச் சொல்லியாயிற்று, இனி வடிவுக்குப் பால் பொங்கும் என்று ஊர் எதிர்பார்த்தது. பொங்கவில்லை. இன்றைக்கு வந்துதா, இன்றைக்கு வந்துதா என்று கேட்கிறவர்களைச் செல்லக்கனி விரட்டினாள். "அது என்ன பைப்பாட்டி, தொறந்த உடனே வர? வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். பிள்ள வளருதுல்லா?" தெருவில் சுரந்த பாலும் ஒவ்வொருத்தியாக வற்றிக்கொண்டு வந்தது, வற்றினவள் நன்றாகத் தூங்கினாள். கடைசியாக டீச்சருக்குத்தான் வற்றியது. அவள் அன்றைக்குப் பால்வாடியில் புதுப் பாட்டு ஒன்று சொல்லிக்கொடுத்தாள். நர்சம்மா பால்மாவு டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்து, பாலாடைச் சங்கில் எப்படிப் புகட்டுவது என்று காட்டிவிட்டுப் போனாள்.

ஒரு முன்பகல் நேரம். கதவு திறந்து கிடந்தது. வெளிச்சம் உள்ளே வந்து பாயில் விழுந்திருந்தது. வடிவு பிள்ளையைக் காலில் போட்டு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். பிள்ளை அழவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தது. அப்போது மாரில் மெல்ல ஒரு நமைச்சல், எறும்பு ஊர்வதுபோல. ஈரம் தெரிந்தது. யாரும் வந்து பிள்ளையை எடுத்துப் பொருத்தவில்லை. அவளே எடுத்தாள், அவளே வைத்தாள். பிள்ளை பிடித்துக்கொண்டது.

கொஞ்சநேரம் சரியாக இருந்தது. பிறகு புல்லரித்தது, பழைய குளிர் ஏறியது, உடம்பை விட்டுவிட்டு மனசு கிளம்பப் பார்த்தது. வடிவு பயந்துபோய், வாயில் வந்ததைச் சொன்னாள்.

"போதும், தாயி."

பிள்ளை விட்டுவிட்டது.

வாயை எடுத்து, தலையைச் சாய்த்து, உதட்டு ஓரத்தில் பாலோடு, அவளை நிமிர்ந்து பார்த்தது. அழவில்லை, முட்டவில்லை. சொன்னதும் நின்றது, நின்று காத்திருந்தது. பிறந்து நாலு மாசம் ஆகாத பிள்ளைக்குச் சொன்ன சொல் விளங்குமா என்று நீங்கள் கேட்கலாம்; வேம்பன்குறிச்சியில் கேட்கமாட்டார்கள்.

வடிவு அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூச்சு ஆறியது. குளிர் இறங்கியது. பாய், வெளிச்சம், எண்ணெய்க் கிண்ணம், தன் கை, தன் மார், தன் பிள்ளை எல்லாம் அங்கங்கே இருந்தன. நடுவில் அவளும் இருந்தாள்.

"ம்," என்றாள். "இப்ப வா."